உசுரு இருக்கா என்று ஏன் கேட்டேன்

கல்நெஞ்சக்காரி என்று என்னைச் சொல்லிவிட்டீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது. இன்று காலையில் வழக்கம்போல் நாம் பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாரும் போனில் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி மருமகளைப் பற்றி மூக்கைச் சிந்தினாள், ஒருத்தி பேரன் காதுகுத்துக்குத் தேதி சொன்னாள், ஒருத்தி முட்டிவலிக்கு எண்ணெய் சொன்னாள். அந்த நேரத்தில்தான் நம் வகுப்புக்கு லீடராக இருந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி, நம்ம கடைசி பெஞ்சுக்காரிக்கு ரொம்ப சீரியஸாம். மதுரையில வச்சிருக்காவளாம்" என்றாள். நீங்கள் எல்லாரும் ஐயோ பாவமே என்று உச்சுக்கொட்டினீர்கள். நான் மட்டும், "உசுரு இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல" என்றேன்.

லீடர், "இருக்காட்டி. இப்படியா வாய்கூசாமக் கேப்ப? உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்றாள். இன்னொருத்தி, "நாளைக்கு எல்லாரும் சேந்து ஒரு வேன் பிடிச்சுப் போவோம், ஹார்லிக்ஸ், பழமெல்லாம் வாங்கிக்கிடுவோம்" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பீர்கள்.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்தான். எனக்குத் தெரியாதா? நான் கேட்பேன். ஏன் கேட்பேன் என்று உங்களிடம் இத்தனை வருசமாகச் சொன்னதில்லை. நம்மில் பாதிப் பேர் அப்போது ஒரே தெருதான், ஆனாலும் உங்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைக் கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. அப்பா ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்தார், உங்களுக்கு நினைவிருக்கும். மில் சங்கு ஊதினால்தான் நம் தெருவே உலை வைக்கும். அம்மாவின் ஒரே தங்கச்சி, என் சித்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வாங்கிய கடலையைத் தின்று முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். சித்தப்பா ஒரு பால்கோவாக் கடையில் அடுப்பு வேலை பார்த்தார். அவர் வீட்டுக்குள் வந்தாலே சுண்டிய பால் வாசனை முன்னால் வரும். சித்திக்குப் பிள்ளை இல்லை. அதனால் பள்ளிக்கூட லீவு விட்டதும் என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள்.

சித்தி வீட்டில் மத்தியானம் என்பது வயர் கூடை நேரம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பின்னினார்களே, பிளாஸ்டிக் வயரில், அந்தக் கூடைதான். தெருப் பெண்கள் ஆளுக்கொரு வயர்க் கட்டோடு வந்து சித்தி வீட்டு நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். கை கூடை பின்னும், வாய் ஊரைப் பின்னும். ரேடியோ ஒரு மூலையில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும், ஒருத்தியும் காதில் வாங்கமாட்டாள். அவர்களிடம் இருந்த செய்தி அதைவிடச் சூடாக இருந்தது. புது வயரின் வாடை, வெந்நீரில் போட்டு நிமிர்த்தும்போது ஒரு மாதிரி மூக்கில் ஏறும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்த வருசம் சித்தி அம்மாவுக்கென்று ஒரு பெரிய கூடை பின்னினாள். பச்சையும் வெள்ளையும். அடியில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. "ஒங்கம்மா கூடை எங்க கெடந்தாலும் அடியைத் திருப்பிப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாள்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி, தன் நாத்தனார் மாமனார் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உடம்புக்கு முடியலை, உடனே வாங்கன்னு ஆள் வந்துச்சு. எங்க மாமியா என்னடான்னா கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில ஊத்திக்கிட்டுப் போயிருக்கா. அங்க போனா பாடை கட்டிக்கிட்டு இருக்காவ!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாவு வீட்டுக் கதைக்குச் சிரிக்கிறார்களே என்று நான் முழித்தேன். சித்தி என் தலையில் செல்லமாகத் தட்டி, "ஏட்டி, செத்துப் போயிட்டாவன்னு யாரும் நேராச் சொல்லமாட்டாவ. கேக்கிறவளுக்கு வழியிலேயே மாரடைச்சிரும்ல. அதனால முடியலை, சீரியஸ், அப்படின்னுதான் சொல்லிவிடுவாவ. சீரியஸ்னு ஆள் வந்தா கோடியை எடுத்துக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்றாள்.

கோடி என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் பேத்திமார் யாராவது இதைப் படித்தால் தெரியாது. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால், பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற கடைசிப் புதுச்சேலை. சுமங்கலியாகப் போனவள் என்றால் அதோடு மஞ்சள், குங்குமம், வளையல், பூ எல்லாம் வரும்.

"அப்ப நெசமாவே சீரியஸா இருந்தா என்ன சொல்லிவிடுவாவ சித்தி?" என்று கேட்டேன்.

நடுக்கூடம் அதிர்ந்தது, அப்படிச் சிரித்தார்கள். சித்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

லீவு முடிந்து சித்தி என்னைக் கொண்டுவந்து விட்டாள். கையில் அந்தப் பச்சைக் கூடை. நான் வாசற்படியிலேயே சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, திரும்ப அங்கேயே போவேன் என்று கத்தினேன். சித்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஒரு வருசம் என்கூட இருக்கட்டுமேக்கா. அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடுதேன்."

அம்மாவுக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ. பிள்ளை தன்னைவிட்டு ஓடப் பார்க்கிறதே என்ற ரோசமாகக்கூட இருக்கலாம். வெடுக்கென்று, "பெத்துப் பாரு, அப்பத் தெரியும்" என்றாள்.

சித்தி குடித்துக்கொண்டிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். பாதி இருந்தது. எழுந்தாள். என் கன்னத்தைத் தடவினாள். அம்மாவைப் பார்க்காமலே, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அந்தப் பாதிக் காப்பியை அவளே வெகுநேரம் கழித்துக் கொட்டிக் கழுவினாள்.

அதற்குப் பிறகு அக்கா தங்கச்சிக்குள் பேச்சு இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் தவித்தாள். தேங்காய் துருவிக்கொண்டே, "ஆடிப்பூரத் தேருக்குப் போவோம்ல, அப்ப அவ கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிருவேன்" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று இருக்காது. தேர் வரட்டும், தேர் வரட்டும் என்றே இருந்தாள். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. பஸ் ஏறினால் கடலை தின்கிற நேரம்!

தேருக்குச் சில நாள் இருக்கும்போதுதான் அந்தச் சேதி வந்தது.

தெருமுனைப் பலசரக்குக் கடை பாயை மறந்திருக்கமாட்டீர்கள். தெருவுக்கே அவர் கடையில்தான் போன். காலையில் அவரே கடையை விட்டு இறங்கி, செருப்புகூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "தங்கச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒன் தங்கச்சி மாப்ள பேசினாரு. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்காவளாம். ரொம்ப சீரியஸாம். உடனே வரச் சொன்னாரு."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி, அடுத்த வீட்டிலிருந்து தலையிலடித்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது. பாய் பதறிப்போனார். "இல்லம்மா, அழாதீங்க, சீரியஸ்னுதான் சொன்னாரு" என்றார். பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டினார்கள். எம்புட்டு நல்ல மனுசன், எப்படிப் பக்குவமாகச் சொல்கிறார் என்று. "அல்லா மேல சத்தியமா அம்புட்டுத்தான் சொன்னாரு, உசுரோடதாம்மா இருக்கு" என்றார். அழுகை இன்னும் கூடியது. அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல, செத்துப்போனது உறுதியாகிக்கொண்டே போனது. திருப்பிப் பேசிக் கேட்கலாம் என்றால், சித்தப்பா ஏதோ மருந்துக் கடையிலிருந்து பேசியிருக்கிறார். அந்த நம்பரைப் பாய் வாங்கிவைக்கவில்லை.

அம்மா மட்டும் பாய் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைக்குத் திரும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தவள், சட்டென்று எழுந்து, கலைந்த தலையோடு செருப்பைத் தேடினாள். "பாய் பொய் சொல்லமாட்டாரு. நான் போறேன். ஏட்டி, வா" என்று என் கையைப் பிடித்தாள்.

பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "எங்க போற? பொறந்த வீட்டுக் கோடி இல்லாம வெறுங்கையோட போய் நிப்பியா? அவ மாமியா வீட்டாளுவ நாளைக்கு என்ன பேசுவாவ? வத்திராயிருப்புல இருந்து ஒங்கண்ணன் வரட்டும். எல்லாரும் சேந்து மொறையாப் போவோம். செத்த நேரம் பொறு."

"நான் போய்ப் பாக்கணும்க்கா. பாய் சொல்லுதாருல்ல!"

அம்மா பெரியம்மாவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். நானும் கூடவே ஓடினேன். முனை வரைக்கும் போனோம். அங்கே பாய் கடையில் பாதிக்குப் பலகை போட்டிருந்தது.

நம் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாய் பாதிக் கடையைப் பலகை போட்டு அடைப்பார், அதுதான் அவர் மரியாதை. அன்றைக்கு அவராக அடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போனவரிடம் யாரோ நாலு ஆம்பிளைகள், "என்ன பாய், தெருவுல எழவு விழுந்திருக்கு, நீங்க பாட்டுக்கு யாவாரம் பாக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பலகையை எடுத்துப் போட்டுவிட்டார். இதை அவரே பின்னால் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

அம்மா அந்தப் பலகையைப் பார்த்தாள். என் கையை விட்டாள். நடுத்தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகவேண்டும் என்று அவசரப்படவில்லை. போய் என்ன ஆகப்போகிறது?

அப்புறம் எல்லாம் முறையாக நடந்தது. அப்பா மில்லில் சொல்லிவிட்டு வந்து தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா மாமாவை அழைத்துவர வத்திராயிருப்புக்குப் போனார். அந்த பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். சித்தி படுத்திருந்த ஆஸ்பத்திரி பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கம். போகும்போதும் அதைத் தாண்டிப் போனார், மாமாவோடு திரும்பும்போதும் அதைத் தாண்டி வந்தார். இறங்கவில்லை. சாவு வீட்டில் கால் வைத்துவிட்டால் குளிக்காமல் வேறு வீட்டுக்குப் போகக்கூடாதே. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாராம். பிள்ளைகள் அங்கே போய்ப் பசியில் வாடக்கூடாது என்று பெரியம்மா எங்களுக்குச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பெரியம்மாவும் மாமாவும் ஜவுளிக்கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்து வந்தார்கள். மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ஒரு பந்து மல்லிகை. எல்லாவற்றையும் வைக்கப் பை தேடினார்கள். கைக்குக் கிடைத்தது சித்தி பின்னிய பச்சைக் கூடைதான்.

வெயில் இறங்கிவிட்டது, நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது. தேருக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. பந்தல் போடுகிறார்கள், ராட்டினம் வந்திறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் போனோம். தெருமுனை வந்ததும் பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். அம்மா, "என் ராசாத்தி, ஒரு வார்த்தை சொல்லத் தவிச்சேனே, தேரு வரட்டும்னு இருந்தேனே" என்று அழுதுகொண்டே போய் வாசலில் விழுந்தாள்.

வீடு பூட்டிக்கிடந்தது. பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை, ஒரு ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள், கஞ்சிக் கதை சொன்னாளே, அவள்தான். எங்கள் கோலத்தையும் கூடையையும் பார்த்து அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "அடிப் பாவிகளா, என்னத்துக்கு இப்படி அழுதுக்கிட்டு வாரீய? அவ ஆஸ்பத்திரியில உசுரோட கெடக்காட்டி! காலம்பற இருந்து எங்கக்கா வந்துட்டாளா, எங்கக்கா வந்துட்டாளான்னு உசுர வாங்குதா. ஏன் இம்புட்டு நேரம்?"

அம்மா ஓடினாள். அவ்வளவு கனத்த உடம்போடு ஒரு பொம்பளை அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கையில் கூடையை எடுத்துக்கொண்டே ஓடினாள். கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பா நின்றார். எங்களைப் பார்த்ததும் குழந்தைபோல் அழுதார். "காலையிலேயே டாக்டர் மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாரு மச்சான். மத்தியானத்துக்குள்ள போயிருங்கன்னாரு. நான் ஒத்தையில எப்படி முடிவு பண்ணுவேன்? வழியில ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, எங்களக் கேக்காமக் கொண்டுபோய்க் கொன்னுட்டான்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல. பொறந்த வீட்டு ஆளுவ வந்துரட்டும்னு காத்துக்கெடந்தேன். இப்ப அந்த டாக்டரே, இனிமே வழியில தாங்காதுங்காரு."

அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் மாமாவுக்காகக் காத்திருந்தோம். யாரும் யாருக்கும் ஒரு மரியாதைக் குறைச்சலும் செய்யவில்லை. அந்த மரியாதையில் சித்தியின் பகல் பூராவும் போய்விட்டது.

சித்தி கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கண் விரிந்தது. பிறகு கூடையைப் பார்த்தாள். தான் பின்னிய கூடை. அதன் வாயில் புதுச்சேலை, மேலே மல்லிகை, வளையல்.

"எனக்காக்கா?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆமாடி. உனக்குத்தான்" என்றாள்.

"கோவம் போயிருச்சா?"

அம்மா எத்தனை நாள் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிப் பார்த்த வார்த்தை. அதை அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"போர்த்தி விடுக்கா. பாப்போம்."

அம்மா அந்தச் சேலையைப் பிரித்தாள். கடை மடிப்பு கலையாத சேலை. உயிரோடு இருந்த தங்கச்சிக்குக் கழுத்து வரைக்கும் தன் கையாலேயே கோடி போர்த்தினாள். சித்தி அதைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. தேருக்கு இதைத்தான் கட்டிக்கிட்டு வருவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

மாமா, "கோடிதான் இருக்கே" என்று அந்தச் சேலையை எடுக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "அது என் தங்கச்சிக்கு நான் குடுத்த சேலை. நீ கோடி வேற எடுத்துக்கிட்டு வா" என்று கத்தினாள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருத்தரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை. வேறு சேலை வந்தது. சிவப்புச் சேலையையும் கூடையையும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தாள். ஒருநாளும் இறக்கவில்லை. பின்னால் வீடு மாறும்போது எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போதும் எங்காவது பச்சை வயர் கூடையைப் பார்த்தால் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன்.

சித்தி கோபம் போய்விட்டதா என்று அம்மாவைக் கேட்டாள். தன் மேல் கோபம் இல்லையே என்று அம்மா சித்தியைக் கேட்கவில்லை. சாகும்வரைக்கும் அம்மா இதை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "எவன் வந்து சீரியஸ்னு சொன்னாலும், உசுரு இருக்கான்னு கேளு. இருக்குன்னா போட்டது போட்டபடி ஓடு."

அதனால்தான் கேட்டேன். கல்நெஞ்சக்காரி என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் நாளைக்கு வேன் பிடித்து, பழம் வாங்கி, எல்லாரும் சேர்ந்து முறையாக வாருங்கள். இருக்கா என்று காலையில் லீடர் சொன்னாளே, அந்த நிமிசமே நான் பஸ் ஏறிவிட்டேன். இதைப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது திருமங்கலம் வந்துவிட்டது. நம் கடைசி பெஞ்சுக்காரிக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை, பைகூடக் கொண்டுவரவில்லை.